பழைய டவலை வெட்டும் முன்: ஆயுள் பார்ப்பது, மீட்பது, மறுபடி பயன்படுத்துவது

குளியல் டவல் எத்தனை வருடம் உழைக்கும் என்று கேட்டால் 2 முதல் 5 வருடம் என்ற பதில்தான் வழக்கமாக வரும். அது தப்பில்லை. ஆனால் அந்தக் கணக்கை மட்டும் வைத்து உங்கள் கையில் இருக்கும் டவலைப் பற்றி ஒரு முடிவுக்கும் வர முடியாது. டவலைத் தேய்ப்பது வருடங்கள் இல்லை, சலவை. ஒரே டவலை வாரம் 2 முறை துவைத்தால் வருடத்துக்கு 104 சலவை. அதே ஆள் 3 டவலை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 35 சலவைதான் விழும். முன்னது 2 வருடத்தில் படும் பாட்டைப் பின்னது 6 வருடத்தில்தான் படும். அதனால் புது டவலின் லேபிளில் அழியாத மையால் மாதமும் வருடமும் எழுதி வைப்பதோடு, ஆளுக்கு எத்தனை டவல் சுற்றில் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. வேண்டாம் என்று ஒதுக்கப்படும் டவல்களில் பல, தேய்ந்தே இருக்காது. விறைத்துப் போயிருக்கும், தண்ணீரை இழுக்காது, ஈரம் பட்டதும் நாறும். இதற்கெல்லாம் காரணம் படிவு. சரியாக அலசாத சோப்பு, துணியை மென்மையாக்க ஊற்றும் கண்டிஷனர், உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியம், மெக்னீசியம், உடம்பின் எண்ணெய்ப் பசை எல்லாம் நூலின் மேல் ஒரு பூச்சு போல ஒட்டிக்கொள்கின்றன. படிவை எடுத்துவிடலாம், தேய்வை எடுக்க முடியாது. கத்தரிக்கோலைத் தொடும் முன் உங்கள் டவலுக்கு வந்திருப்பது இந்த இரண்டில் எது என்று கண்டுபிடியுங்கள்.

எது தேய்கிறது

பூந்துவாலை, அதாவது மேலே வளையம் வளையமாக நூல் எழுந்து நிற்கும் வழக்கமான குளியல் டவல், மூன்று வகை நூலால் ஆனது. அடித்துணிக்கு நீளவாக்கில் ஓடும் ஒரு பாவு, குறுக்கே ஓடும் ஊடை, இவை தவிர வளையமாக எழுந்து நிற்கும் தனிப் பாவு நூல். தண்ணீரைக் குடிப்பது வளையங்கள், துணியைத் தாங்கிப் பிடிப்பது அடித்துணி. ஒவ்வொரு சலவையிலும் வளையத்திலிருந்து நார் உதிர்கிறது; மெஷினின் வடிகட்டியில் சேரும் பஞ்சு அதுதான். ஆக, முதலில் போவது உறிஞ்சும் தன்மை. வலு அதற்குப் பிறகும் நெடுநாள் நிற்கும். உடம்பு துடைக்க உதவாத டவல் தரை துடைக்க நன்றாக உழைப்பதற்கு இதுவே காரணம்.

தேய்வை எடையில் அளக்கவும் முடியும். டவலின் கனத்தை ஜிஎஸ்எம் என்பார்கள், அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை எத்தனை கிராம் என்ற கணக்கு. 300 முதல் 400 வரை லேசானது, 400 முதல் 600 வரை நடுத்தரம், அதற்கு மேல் கனமானது. 70 × 140 செ.மீ. டவலின் பரப்பு 0.98 சதுர மீட்டர். 500 ஜிஎஸ்எம் என்றால் வாங்கும்போது 490 கிராம் இருக்கும். சில வருடம் கழித்து, நன்றாகக் காய்ந்த நிலையில் சமையலறைத் தராசில் வைத்து 400 கிராம் காட்டினால் 90 கிராம் பஞ்சு உதிர்ந்துவிட்டது என்று பொருள். படிவுக்கும் எடை உண்டு என்பதால், கீழே சொல்லும் ஊறவைப்பு முடிந்த பிறகு எடை போட்டால்தான் கணக்கு சரியாக இருக்கும்.

கனமான டவல்தான் நெடுநாள் வரும் என்ற நம்பிக்கை எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. கொடியில் காயவைக்கும் வீட்டில் 700 ஜிஎஸ்எம் டவல் நடுவில் ஈரமாகவே தங்கி, தேயும் முன்பே நாற ஆரம்பிக்கும். அப்படிப்பட்ட வீட்டுக்கு 400 முதல் 550 வரை உள்ள டவலே ஏற்றது.

நான்கு சோதனைகள்

முதலில் சொட்டுச் சோதனை. காய்ந்த டவலைச் சமமாக விரித்து, அரை அடி உயரத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஓரிரு நொடியில் உள்ளே இறங்கினால் நல்ல நிலையில் இருக்கிறது. முத்தாகத் திரண்டு மேலேயே நின்றால் அது படிவு. நடுவில் ஓர் இடம், ஓரத்தில் ஓர் இடம், பட்டையான கரைக்குப் பக்கத்தில் ஓர் இடம் என்று மூன்று இடத்தில் பார்ப்பது நல்லது.

அடுத்து வெளிச்சம். ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். வளையம் அடர்த்தியாக இருக்கும் இடம் இருட்டாகத் தெரியும்; வளையம் போன இடத்தில் அடித்துணியின் கட்டம் தெரியும். உடம்பில் அதிகம் படுவது நடுப்பகுதி என்பதால் பெரும்பாலும் அங்கேதான் மெலிந்திருக்கும். மெலிந்த இடத்தைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு வையுங்கள், வெட்டும்போது உதவும்.

மூன்றாவது இழுப்பு. ஒரு ஜாண் இடைவெளியில் இரண்டு கையாலும் பிடித்து நன்றாக இழுங்கள். நரநரவென்று நூல் அறும் சத்தம் கேட்டால் அடித்துணியே போய்விட்டது. குளோரின் பிளீச்சை அடிக்கடி ஊற்றிய வெள்ளை டவல்களில் இது சீக்கிரம் வரும், ஏனென்றால் பிளீச் பருத்தி நாரையே அரித்துவிடுகிறது. இந்த நிலைக்கு வந்த டவலைத் தைத்து வேறொன்றாக்குவது வீண் வேலை.

கடைசியாக வாடை. காய்ந்த டவலில் வாடை இல்லாமல் ஈரமானதும் மட்டும் நாறினால், நாரின் உள்ளே பாக்டீரியா குடியேறிவிட்டது. துவைத்த துணியில் வரும் இந்த வாடைக்குக் காரணமான கிருமிகளில் மொராக்செல்லா ஒஸ்லோயென்சிஸ் முக்கியமானது. உலர்வையும் வெயிலையும் தாங்கி உயிரோடு இருக்கும் வகை அது. அதனால்தான் நாள் முழுக்க வெயிலில் போட்ட டவல்கூட மறுநாள் ஈரம் பட்டதும் பழைய வாடையைக் காட்டுகிறது. இதற்குச் சூடும் ஆக்சிஜன் பிளீச்சும்தான் சரியான வழி.

கரும்புள்ளியாகப் பூஞ்சை பிடித்திருந்தால் கிருமியைக் கொல்லலாம், கறை பெரும்பாலும் போகாது. வெளிர் ஆரஞ்சு நிறத்தில் திட்டுத் திட்டாகச் சாயம் போயிருந்தால் அது அழுக்கே இல்லை. பருவுக்குப் போடும் களிம்பில் உள்ள பென்சாயில் பெராக்சைடு சாயத்தை வெளுத்திருக்கிறது. அதைத் தேய்த்துத் துவைத்துப் பயனில்லை, டவலும் கெட்டுப்போகவில்லை.

படிவை எடுக்கும் ஊறவைப்பு

ஒரு வாளிக்கு இரண்டு குளியல் டவல் போதும். வெள்ளையை வெள்ளையோடும், அடர் நிறத்தை அடர் நிறத்தோடும் சேருங்கள். சூட்டில் சாயம் இறங்கும்.

1. 10 லிட்டர் தண்ணீரை 60 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, 2 மேசைக்கரண்டி சலவை சோடாவும் 1 மேசைக்கரண்டி சோப்புத் தூளும் போட்டு முழுக்கக் கரையுங்கள். சலவை சோடா என்பது சோடியம் கார்பனேட்; சமையல் சோடா இந்த வேலையைச் செய்யாது. காரத்தன்மை உள்ளது, கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

2. நாறும் டவலாக இருந்தால் இதோடு 3 மேசைக்கரண்டி சோடியம் பெர்கார்பனேட் சேருங்கள். ஆக்சிஜன் பிளீச் என்று விற்பது இதுதான். குளிர்ந்த தண்ணீரில் இது மந்தமாகத்தான் வேலை செய்யும். இதைக் கரைத்த தண்ணீரை மூடி இறுக்கிய பாட்டிலில் ஒருபோதும் வைக்காதீர்கள். ஆக்சிஜன் வெளியேறி அழுத்தம் கூடி வெடித்துவிடும்.

3. துவைத்த டவலை நனைத்து உள்ளே அமுக்கி, தண்ணீர் ஆறும் வரை, சுமார் 4 மணி நேரம் விடுங்கள். மணிக்கு ஒருமுறை கம்பால் கிளறுங்கள். தண்ணீர் கலங்கிச் சாம்பல் நிறமாவது இயல்பு. அடர் நிற டவலில் சாயமும் சேர்ந்து இறங்கும், ஆகவே தண்ணீரின் கறுப்பை மட்டும் வைத்து அழுக்கின் அளவை எடை போடாதீர்கள்.

4. பிழிந்து, சோப்பு எதுவும் போடாமல் மெஷினில் ஒரு முழுச் சுற்று விடுங்கள். நுரை இன்னும் வந்தால் இன்னொரு சுற்று. சோப்பே போடாமல் நுரைக்கிறது என்றால் அத்தனையும் டவலில் தங்கியிருந்த பழைய சோப்பு.

5. உப்புத் தண்ணீர் வரும் வீடு என்றால், கடைசி அலசலில் ஒரு வாளிக்கு 100 மி.லி. வெள்ளை வினிகர் ஊற்றி 15 நிமிடம் வைத்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள். சுண்ணப் படிவு கரையும்.

வினிகரையும் சோடாவையும் ஒரே வாளியில் கலக்கக் கூடாது. பொங்குவதைப் பார்த்துப் பலமாக வேலை செய்கிறது என்று தோன்றும். உண்மையில் ஒன்றை ஒன்று முறித்துக்கொண்டு இரண்டும் வீணாகின்றன. வினிகரும் குளோரின் பிளீச்சும் கலப்பது அதைவிட மோசம், அது ஆபத்து. குளோரின் வாயு கிளம்பி நுரையீரலைத் தாக்கும். பிளீச் போட்ட டவலை முழுக்க அலசி முடிக்காமல் வினிகர் பக்கமே போகாதீர்கள். ஒவ்வொரு சலவைக்கும் வினிகர் ஊற்றும் பழக்கமும் வேண்டாம், மெஷினின் ரப்பர் வளையம் நாளடைவில் பாழாகும்.

நன்றாகக் காய்ந்ததும் மறுபடி சொட்டுச் சோதனை செய்யுங்கள். தண்ணீர் உடனே இறங்கினால் அந்த டவல் குளியலறைக்கே திரும்பலாம். இத்தனைக்குப் பிறகும் உறிஞ்சவில்லை, வெளிச்சத்தில் கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்றால் அதன் முதல் வேலை முடிந்தது.

மீண்ட டவலைக் காப்பாற்றுவது எளிது. கண்டிஷனரை நிறுத்துங்கள், சோப்பின் அளவைக் குறையுங்கள், மெஷினில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் திணிக்காதீர்கள். கொக்கியில் கொத்தாக மாட்டாமல் கம்பியில் விரித்துப் போடுங்கள். மூன்று நான்கு முறை துடைத்ததும் துவைத்துவிடுங்கள். கொடியில் போடும் முன் ஒருமுறை, எடுக்கும்போது ஒருமுறை பலமாக உதறினால் விறைப்பு குறையும். இஸ்திரி போட்டால் வளையம் படுத்துவிடும். ஜிப், கொக்கி உள்ள துணிகளோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். வளையம் நீண்டு வெளியே வந்திருந்தால் இழுக்காமல் கத்தரியுங்கள். இழுத்தால் அந்த வரிசையே உருவிக்கொண்டு வரும், கத்தரித்தால் ஒன்றும் ஆகாது. ஓரத் தையல் விட்டால் அன்றே ஒரு ஓட்டு ஓட்டுங்கள். நல்ல நிலையில் உள்ள பல டவல்கள் ஓரம் பிரிந்துதான் நாசமாகின்றன.

வெட்டுவது

வெட்டும் முன் ஒரு கணக்கு போட்டுப் பார்ப்பது நல்லது, தையல் வேலை எவ்வளவு என்று அதில்தான் தெரியும். 70 × 140 டவலை 35 செ.மீ. சதுரமாக வெட்டினால் 8 துண்டு. மூலையில் உள்ள 4 துண்டுக்கு இரண்டு பக்கம் ஏற்கெனவே ஓரம் இருக்கும். மற்ற 4 துண்டுக்கு ஒரு பக்கம்தான். தைக்க வேண்டிய ஓரம் மொத்தம் 7 மீட்டர். அதே டவலைக் குறுக்காக மட்டும் வெட்டி 70 × 35 அளவில் 4 துண்டாக்கினால் 4.2 மீட்டர் தைத்தால் போதும். துடைப்புக்கு 35 செ.மீ. சதுரமே கைக்கு வாகு. இரண்டாக மடித்து, மறுபடி இரண்டாக மடித்தால் உள்ளங்கை அளவுக்கு வரும்; மடிப்பைத் திருப்பித் திருப்பிப் பிடித்தால் ஒரே துணியில் 8 சுத்தமான முகம் கிடைக்கும்.

ஊடை நூலின் போக்கிலேயே நேராக வெட்டுங்கள். கோணலாக வெட்டினால் ஓரம் இழுபட்டு அலை அலையாகிவிடும். பட்டையான கரை இருந்தால் அதைத் தனியே எடுத்துவிடுங்கள். அது மற்ற பகுதியைவிட அதிகம் சுருங்கும், அது இருக்கும் துண்டு எப்போதும் சுருண்டே கிடக்கும்.

வெட்டிய ஓரத்தில் நறுக்குண்ட வளையங்கள் கொட்டிக்கொண்டே இருக்கும். அதனால் தாள் விரித்து அதன் மேல் வெட்டி, ஒவ்வொரு துண்டையும் வெளியே உதறுங்கள். ஓவர்லாக் மெஷின் இருந்தால் வேலை சுலபம். சாதாரண தையல் மெஷினில் 90 அல்லது 100 எண் ஊசி போட்டு, 4 முதல் 5 மி.மீ. அகல சிக்சாக் ஓட்டி, பிறகு 1 செ.மீ. ஒருமுறை மட்டும் மடித்து 3 மி.மீ. நீளத் தையல் போடுங்கள். இரண்டு மடிப்பு மடித்தால் தடிமன் கூடி ஊசி உடையக்கூடும். மெஷினின் பாதத்தில் வளையம் மாட்டுகிறதா? துணியின் மேல் மெல்லிய தாளை வைத்து அதன் மேலேயே தைத்து, முடிந்ததும் தாளைக் கிழித்து எடுத்துவிடலாம். கையால் தைப்பதானால் 5 மி.மீ. இடைவெளியில் கம்பளித் தையல் (பிளாங்கெட் ஸ்டிச்) போதும். முடிந்ததும் பாபின் இருக்கும் இடத்தைத் தூரிகையால் சுத்தம் செய்ய மறக்காதீர்கள். அங்கே கைப்பிடிப் பஞ்சு இருக்கும். முதல் சலவையை வலைப்பையில் போட்டுத் தனியாகச் செய்யுங்கள்.

எதை எதற்கு

வளையம் நன்றாக இருக்கும் பகுதியை உறிஞ்சும் வேலைக்கு ஒதுக்குங்கள். 17 × 22 செ.மீ. அளவில் இரண்டு துண்டை மூன்று பக்கம் தைத்தால் குளியல் கையுறை. தட்டையான மாப்பின் அடியில் கொக்கிப் பட்டை (வெல்க்ரோ) இருந்தால், பலகையைவிட 2 செ.மீ. பெரிதாக வெட்டிய டவல் துண்டு தானாகவே அதில் பிடித்துக்கொள்ளும், தையலோ கயிறோ வேண்டாம். வளையம் போன துண்டு இதில் நிற்காது.

கால்மிதிக்கு நடுவில் மெலிந்த டவலே போதும். 50 × 70 அளவில் இரண்டு துண்டு வெட்டி, தேய்ந்த முகம் உள்ளே போகும்படி ஒன்றன்மேல் ஒன்று வைத்து, சுற்றிலும் தைத்து, குறுக்கே 10 செ.மீ.க்கு ஒரு தையல் போடுங்கள். அந்தக் குறுக்குத் தையல் இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே உள்ளுக்குள் சுருண்டு கட்டியாகிவிடும். மூன்றடுக்கு வேண்டாம், காயாது. ஈரமான டைல்ஸ் தரையில் வெறும் டவல் வழுக்கும். அடியில் வழுக்காத ரப்பர் வலை இல்லாமல் போடாதீர்கள்.

சூடான பாத்திரம் பிடிக்கும் துணிக்கு 20 செ.மீ. சதுரத்தில் 3 அல்லது 4 அடுக்கு. தூய பருத்தியாக மட்டுமே இருக்க வேண்டும், நூலும்கூட. பாலியஸ்டர் கலந்திருந்தால் சூட்டில் உருகிக் கையில் ஒட்டும். ஈரத் துணியால் சூடான பாத்திரத்தைப் பிடிக்கவே கூடாது. தண்ணீர் சூட்டை வேகமாகக் கடத்தி, ஆவியாகி, கையைச் சுட்டுவிடும்.

கண்ணாடி துடைக்கப் பூந்துவாலை ஒத்துவராது, பஞ்சு ஒட்டும். தட்டை நெசவுத் துண்டுகளை அதற்கு எடுத்து வையுங்கள். காரின் பெயின்ட்டைத் துடைக்கவும் பழைய டவல் வேண்டாம். ஓரத்தின் கெட்டியான தையலும் வளையத்தில் மாட்டிய மணலும் கீறிவிடும். சக்கரத்துக்கும் கதவிடுக்குக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

கழிப்பறைக்குப் போகும் துணி மற்றவற்றோடு கலக்காமல் இருக்க, அதன் ஒரு மூலையைச் சாய்வாக வெட்டித் தைத்துவிடுங்கள். நிறம் பார்த்து அடையாளம் வைத்தால் நாளடைவில் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். வெட்டிய மூலை கையில் பட்டதுமே தெரியும்.

எண்ணெய் வேலைக்குப் போகும் துணியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மரச் சாமானுக்குப் பூசும் ஆளிவிதை எண்ணெய் போன்றவை காற்றோடு சேர்ந்து உலரும்போது சூட்டை வெளியிடும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே ஏறி, யாரும் தீ வைக்காமலே சில மணி நேரத்தில் பற்றிக்கொள்ளும். வேலை முடிந்த கையோடு வெளியே ஒற்றை அடுக்காக விரித்து முழுக்க இறுகும் வரை உலரவிடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் நிரப்பிய, மூடியுள்ள உலோக டப்பாவில் அமுக்குங்கள். சமையல் எண்ணெய் ஊறிய துணிக்கும் இந்த ஆபத்து உண்டு. துவைத்த பிறகும் எண்ணெய் வாடை இருந்தால் டிரையரில் போடாதீர்கள். டிரையரிலிருந்து எடுத்த சூட்டோடு அடுக்கியும் வைக்காதீர்கள். பெட்ரோலோ தின்னரோ பட்ட துணி வாஷிங் மெஷினுக்குள் போகவே கூடாது.

தைக்கவும் தகுதி இல்லாதவை

இழுப்புச் சோதனையில் அறுந்தவற்றை ஓரம் தைக்காமல், ஒருமுறை துடைத்து எறியும் அழுக்கு வேலைக்கு வெட்டி ஒரு பையில் வையுங்கள். சாக்கடைத் தண்ணீர் பட்டதையும் பூஞ்சை ஊறிப்போனதையும் எதற்கும் வைத்துக்கொள்ள வேண்டாம். வீடு மாற்றும்போது பீங்கானைச் சுற்ற, வாஷிங் மெஷின் ஒழுகும்போது அணை கட்ட என்று முழு டவலாகவே இரண்டு மூன்று இருந்தால் போதும். அதற்கு மேல் சேர்த்தால் அலமாரிதான் நிறையும். மிருகக் காப்பகங்கள் பல முழு டவல்களை வாங்கிக்கொள்ளும். முதலில் கேட்டுவிட்டு, துவைத்துக் காயவைத்து, தொங்கும் நூலை எல்லாம் கத்தரித்துக் கொடுங்கள். பிராணிகள் நூலை விழுங்கினால் குடலில் சிக்கும்.

தூய பருத்தி என்றால் உரக்குழியிலும் மக்கும். பருத்திதானா என்று பார்க்க, ஒரு நூலை இடுக்கியில் பிடித்து, பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு கொளுத்துங்கள். பருத்தி காகித வாடையோடு எரிந்து, தொட்டால் உதிரும் மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் சுருங்கி உருகிக் கெட்டியான மணியாகும். வளையத்தில் மட்டும் பருத்தி வைத்து அடித்துணியில் பாலியஸ்டர் கலக்கும் டவல்களும் உண்டு, ஆகவே அடித்துணியிலிருந்தும் ஒரு நூலை உருவிச் சோதியுங்கள். உரக்குழியில் போடும் முன் ஓரத் தையலையும் லேபிளையும் வெட்டி எடுங்கள். துணி பருத்தியாக இருந்தாலும் தையல் நூல் பெரும்பாலும் பாலியஸ்டர்தான். எண்ணெய், பெயின்ட், கடுமையான கிளீனர் பட்டதைச் சேர்க்காதீர்கள். 3 முதல் 5 செ.மீ. துண்டுகளாக நறுக்கி, நனைத்து, பச்சைக் கழிவோடு கலந்து போடுங்கள். முழு டவலை அப்படியே போட்டால் காற்றுப் புகாத பாயாகப் படிந்து, கீழே உள்ள கழிவையும் அழுகவைக்கும்.